ஆரோக்கியநாதன் கழுத்துக்கு என்ன ஆனது

செஞ்சிக் கடைத்தெருவில் வேர்க்கடலை மண்டிக்கு, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை மண்டிக்கு, மூட்டை சுமந்தவர் ஆரோக்கியநாதன். நாற்பதை நெருங்கிய வயது. ஆள் குள்ளம்தான், ஆனால் கழுத்து காளைக் கழுத்து மாதிரி இருக்கும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். அனந்தபுரம், வல்லம் பக்கத்திலிருந்து மாட்டு வண்டிகளில் வந்து இறங்கும் மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டுபோய்க் கிடங்கில் அடுக்குவது வேலை. மீசை முளைக்கிறதுக்கு முன்னாலிருந்தே இதைத்தான் செய்தார். மகள் ஞானத்தைத் திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்ததுகூட இந்தத் தலைச்சுமையில்தான்.

யுத்தம் இன்னும் முடியாத அந்த வருஷம், தை மாதத்தில், பொங்கல் கழிந்து சில நாளில், காலையில் பாயிலிருந்து எழுந்தவருக்குக் கழுத்து திரும்பவில்லை. தலை வலது தோள் பக்கம் சாய்ந்தபடி நின்றுவிட்டது. நிமிர்த்தப் பார்த்தால் பின்மண்டையிலிருந்து தோள்பட்டை வரைக்கும் காய்ச்சிய கம்பியை வைத்து இழுத்த மாதிரி இருந்தது.

"ஞானத்து நைனா, இன்னாத்துக்கு அப்படிப் பாக்குற?" என்று மனைவி அருளம்மாள் கேட்டாள்.

"நான் எங்க பாக்குறேன்? அதுவா திரும்பிக்கினு கீது."

அவள் சிரித்துவிட்டுப் பிறகு பயந்தாள். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். வேப்பெண்ணெய் தடவினாள். சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் தலையை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே மண்டிக்குப் போனார். கூட மூட்டை தூக்குகிற பெரியதம்பி பார்த்துவிட்டு, "சுளுக்குப்பா. வல்லத்துல அம்மாக்கண்ணுகிட்ட போ. தலைக்கு முன்னால கால் வந்து பொறந்தவ. அவ கால் பட்டாலே போயிடும்" என்றான்.

வல்லத்து அம்மாக்கண்ணு அவரைக் குப்புறப் படுக்கவைத்துக் குதிகாலால் தோளை மூன்று தரம் உதைத்து, விளக்கெண்ணெய் போட்டு வழித்துவிட்டாள். "நரம்பு மேல நரம்பு ஏறிக்கிச்சு" என்றாள். அங்கே இருக்கிறவரை தேவலாம் போலிருந்தது. வீட்டுக்கு நடந்து வந்து சேர்வதற்குள் பழையபடி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், ரத்தம் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிச் சிவப்பு மருந்து ஊற்றிக் கொடுத்தார். கோயிலில் சாமியார், மூட்டை தூக்குவதைக் கொஞ்ச நாள் நிறுத்து, எல்லாம் சரியாகும் என்றார். தலைமாட்டில் கட்டை வைத்துப் படுத்ததுதான் காரணம் என்று அருளம்மாள் சாதித்தாள்.

இருக்கிறது ஒரு கழுத்து. காரணம் மட்டும் ஆளுக்கு ஒன்றாக இருந்தது. ஆரோக்கியநாதன் எல்லோருக்கும் தலையை ஆட்டினார். மேலும் கீழுமாகக் கொஞ்சம் ஆட்ட முடிந்தது. பக்கவாட்டில் அசைக்கத்தான் முடியவில்லை.

மூட்டை தூக்க முடியாததால் மண்டியில் வேலை இல்லை. கோட்டை பார்க்க வருகிறவர்களுக்குத் தண்ணீரும் கூடையும் எடுத்துக்கொண்டு மலை ஏறினால் ஏதாவது கிடைக்கும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகக் கோட்டைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு பட்டாளத்து லாரி வந்து நின்றது. நாலு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் குதித்தார்கள். ஓட்டி வந்தவன் நம்ம ஆள். ஆரோக்கியநாதன் கழுத்தில் கயிற்றில் தொங்கிய மாதா படத் துணித்துண்டை, அந்த உத்தரியத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம வேதமா அண்ணே? நான் தோமினிக். அனந்தபுரத்துக்காரன். மதராஸ்ல லாரி ஓட்டுறேன். இவங்க இங்கிலீஷ்காரனுங்க இல்ல, அமெரிக்கா. லீவுல ஊர் பாக்க வந்தானுங்க."

ஆரோக்கியநாதனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தலையை ஆட்டினார்.

"கழுத்துல இன்னா?"

"தெரியல தம்பி. திரும்பல."

தோமினிக் சிப்பாய்களிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னான். நாலு பேரும் ஆரோக்கியநாதன் கழுத்தைப் பார்த்தார்கள். அதில் செம்பட்டை முடிக்காரன் ஒருவன், கை முழுக்க மச்சமாக இருந்தவன், கிட்டே வந்து குனிந்து பார்த்தான். லாரியை விட்டு நகரக் கூடாது என்பதால் தோமினிக் கீழேயே இருந்துகொண்டான். ஆரோக்கியநாதன் ஒரு கையில் தண்ணீர்ப் பானையும் தோளில் சாப்பாட்டுக் கூடையுமாக ராஜகிரி ஏறினார். படி ஏறும்போது பின்னால் வருகிறவர்களைப் பார்க்க முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தச் செம்பட்டை முடிக்காரன் தன்னையே பார்த்துக்கொண்டு வருவது தெரிந்தது.

உச்சியில் பீரங்கி கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து அவர்கள் சாப்பிட்டார்கள். ஆரோக்கியநாதன் தள்ளி நின்றார். சாப்பிட்டு முடித்ததும் செம்பட்டை முடிக்காரன் எழுந்து வந்தான். அவருடைய கழுத்தைக் காட்டி, முகத்தைச் சுளித்து, வலிக்கிறதா என்பது போல் கேட்டான். இது புரிந்தது. தலையை ஆட்டினார். அவன் நீளமாகப் பேசினான். கையால் என்னவோ திருப்பிக் காட்டினான். கடைசியில் குரல் உயர்ந்து நின்றது. கேள்வி கேட்கிறான் என்று தெரிந்தது. கீழே இறங்கலாமா என்று கேட்கிறான் போலிருக்கிறது என்று நினைத்து ஆரோக்கியநாதன் அதற்கும் தலையை ஆட்டினார்.

அவன் சிரித்துக்கொண்டே பானையிலிருந்து தண்ணீர் சாய்த்துக் கை கழுவினான். குடிக்கிற தண்ணீரில் எதற்குக் கை கழுவுகிறான் என்று ஆரோக்கியநாதன் யோசிப்பதற்குள், அவரை ஒரு கல்மேல் உட்காரவைத்துப் பின்னால் போய் நின்றான். விரல்கள் கழுத்தெலும்பு ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு இறங்கின. உத்தரியக் கயிற்றை எடுத்துப் பக்கவாட்டில் ஒதுக்கினான். அதைத் தொட்டதும் ஆரோக்கியநாதன் அந்தத் துணியைக் கையால் பொத்திக்கொண்டார். ஒரு கை தாடைக்கு வந்தது, இன்னொரு கை பின்மண்டையைத் தாங்கியது. குழந்தையை ஆட்டுவது போல் மெல்ல ஆட்டினான். நாவிதர் சவரம் முடிந்து செய்கிறது மாதிரி ஏதோ செய்யப்போகிறான் என்று ஆரோக்கியநாதன் கண்ணை மூடினார்.

திடீரென்று ஒரு திருகல். காதுக்குள் மல்லாட்டை மூட்டை மேல் யாரோ ஏறி மிதித்தது போல் மடமடவென்று சத்தம்.

"மாதாவே!" என்று கத்திக்கொண்டு ஆரோக்கியநாதன் கல்லிலிருந்து உருண்டு கீழே விழுந்தார்.

சிங்கவரத்து ஆட்டுக்காரன் அரிகிருஷ்ணன் அங்கே ஒரு இடிந்த சுவருக்குப் பின்னால் ஆடு தேடிக்கொண்டு வந்திருந்தான். அவன் எட்டிப் பார்த்தபோது வெள்ளைக்காரன் இரண்டு கையாலும் ஆரோக்கியநாதன் தலையைப் பிடித்துத் திருகுவதும், ஆரோக்கியநாதன் சாய்வதும்தான் கண்ணில் பட்டது. ஆட்டை விட்டுவிட்டுப் படி படியாகத் தாவிக் கீழே ஓடினான்.

தரையில் கிடந்த ஆரோக்கியநாதன் செத்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு வானம் தெரிந்தது. செம்பட்டை முடிக்காரன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முகமெல்லாம் வெளுத்துப்போய், ஒரு விரலை அவர் கண்ணுக்கு முன்னால் இடது பக்கமாக நகர்த்தினான். ஆரோக்கியநாதன் அதைப் பார்த்தார். விரல் வலது பக்கம் போனது. அங்கேயும் பார்த்தார். அப்போதுதான் கண்ணோடு கூடத் தலையும் போய்க்கொண்டிருப்பது உறைத்தது. எழுந்து உட்கார்ந்து மறுபடி திருப்பினார். இந்தப் பக்கம் சிங்கவரத்து வயல்கள். அந்தப் பக்கம் கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரி. வலி இருந்த இடத்தில் வலி இல்லை. ஒரு சூடு மட்டும் இருந்தது.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. வலி போனதற்காகவா, உயிர் பிழைத்ததற்காகவா, இல்லை, தலையை ஒருவன் இப்படிப் பிடித்துத் திருகினானே என்ற ஆத்திரமா, அவருக்கே தெரியவில்லை. மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். செம்பட்டை முடிக்காரன் சிரிக்கவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் பாக்கெட்டை எடுத்து அவர் கையில் திணித்தான்.

எல்லோருக்கும் முன்னால் ஆரோக்கியநாதன் கீழே இறங்கினார். லாரிகிட்ட வந்ததும் தோமினிக்கைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இவன் இன்னா பண்ணான் என்னை?"

தோமினிக் அந்தச் சிப்பாயிடம் கேட்டான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். "அவங்க ஊர்ல இப்படி ஒரு தொழில் இருக்குதாம் அண்ணே. முதுகெலும்பைக் கையாலயே திருப்பிச் சரி பண்றதாம். பேரு கைரோ... கைரோபராட்டோ என்னமோ சொல்றான். எனக்கே வாயில வரல."

"கைரேகையா?"

"கைரேகை இல்ல அண்ணே, கைரோ."

"கை பாக்குறவன் எதுக்குக் கழுத்தைப் புடிக்கணும்?"

தோமினிக் பதில் சொல்வதற்குள் சிப்பாய்கள் ஏறிக்கொண்டு அவனைக் கூப்பிட்டார்கள். லாரி கிளம்பிப் போய்விட்டது.

புழுதி அடங்குவதற்குள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் ஓடி வந்தது. முன்னால் அருளம்மாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. மார்பில் அடித்துக்கொண்டு, "பாவி கழுத்தைத் திருகிப் போட்டுட்டானே, என் சாமியைக் கொன்னுட்டானே" என்று கதறிக்கொண்டு வந்தாள். பின்னால் பெரியதம்பி, கையில் ஒரு தடி. அவனுக்குப் பின்னால் அரிகிருஷ்ணன், "அதோ அந்த உச்சியிலதான்" என்று கையைக் காட்டிக்கொண்டே வந்தான். எதிரில் ஆரோக்கியநாதன் சிகரெட் பாக்கெட்டும் கையுமாக நின்றதைப் பார்த்ததும் அருளம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கிட்டே வந்து அவர் தாடையைத் தொட்டாள். உடனே ஓங்கி முதுகில் ஒரு அறை விட்டாள்.

"சாகலியா நீ?"

"இல்ல."

"அப்புறம் இவன் இன்னாத்துக்கு அப்படிச் சொன்னான்?"

"திருகினாங்க, நான் பாத்தேன்!" என்றான் அரிகிருஷ்ணன்.

"திருகினாந்தான்" என்றார் ஆரோக்கியநாதன். "ஆனா இப்போ வலி இல்ல."

இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தும் கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் கோதண்டராமன் ஆளனுப்பினார். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். நாற்பத்திரண்டில் சிறைக்குப் போய் வெளியே வந்திருந்தார். கதர்தான் கட்டுவார். ஏழை பாழைகளுக்கு ஒன்று என்றால் முன்னால் நிற்பவர் என்று பெயர். ஆரோக்கியநாதனைக் கடைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இதுவரைக்கும் அவர் கடையில் யாரும் ஆரோக்கியநாதனை உட்காரச் சொன்னதில்லை. அவர் நின்றார்.

"பயப்படாதே ஆரோக்கியம். நடந்ததை நடந்தபடி சொல்லு. உன் கழுத்தில் கை வெச்சானா?"

"வெச்சாங்க அய்யா."

"நீ கூப்பிட்டு வெச்சானா?"

"இல்லீங்க."

"பலமா திருகினானா?"

"ஆமாங்க. சத்தம் வந்துச்சு."

"நீ கத்தினே. கீழே விழுந்தே."

"ஆமாங்க."

"அப்புறம் உன் வாயை அடைக்கச் சிகரெட் கொடுத்தான். தப்புப் பண்ணாதவன் எதுக்குய்யா கொடுக்கணும்?"

ஆரோக்கியநாதனுக்கு இது ஒரு நல்ல கேள்வியாகப் பட்டது. ராத்திரியெல்லாம் இதே கேள்வி அவருக்கும் வந்திருந்தது. ஆனால் அந்தப் பையன் முகம் வெளுத்துப்போய் விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தியதும் ஞாபகம் வந்தது.

"ஆனா அய்யா, வலி போயிடுச்சுங்க."

கோதண்டராமன் அவர் கழுத்தை உற்றுப் பார்த்தார். "பயத்துல வலி மரத்துப்போகும். அடிபட்டவனுக்கு அடி தெரியாது. ஜெயில்ல நான் பார்த்திருக்கேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் தண்ணீர்கூட நின்றது. ஆரோக்கியநாதன் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மரத்துப்போனதா, சரியாகிவிட்டதா என்று தெரியவில்லை.

"நாளைக்கு என்னோட ஸ்டேஷனுக்கு வா. உன் சம்மதம் இல்லாம உன்னைத் தொட எவனுக்கும் உரிமை இல்லே. அது வெள்ளைக்காரனா இருந்தாலும் சரி, யாரா இருந்தாலும் சரி."

இந்த வார்த்தை ஆரோக்கியநாதனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவரை இழுத்து, தள்ளி, மூட்டை ஏற்றி, எத்தனையோ பேர் தொட்டிருக்கிறார்கள். யாரும் சம்மதம் கேட்டதில்லை. அதற்காகவே மறுநாள் போனார். பின்னால் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பெரியதம்பியும் வந்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் வயசானவர். கோதண்டராமனைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டார். ஆரோக்கியநாதனை எதிரில் நிறுத்திக் கேட்டார்.

"தொடறதுக்கு முன்னாடி அவன் உன்கிட்ட ஏதாவது கேட்டானா?"

"கேட்டாங்க."

"என்ன கேட்டான்?"

"தெரியலீங்க. அவங்க பாஷை."

"நீ என்ன சொன்னே?"

"தலையை ஆட்டினேங்க."

"சம்மதம்னு ஆட்டினியா, வேணாம்னு ஆட்டினியா?"

"வேணாம்னு ஆட்ட வராதுங்க அப்போ. கழுத்து திரும்பாது. இப்படித்தான் வரும்" என்று மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார்.

நின்றிருந்த போலீஸ்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "சரி, மனசுல என்ன நினைச்சே? சம்மதம்னா, வேணாம்னா?"

"இறங்கலாமான்னு கேக்குறான்னு நினைச்சேங்க."

கோதண்டராமன் முன்னால் வந்தார். "பார்த்தீங்களா? அவன் சம்மதமே கொடுக்கலே."

"வலி இருக்கா இப்போ?"

"இல்லீங்க. மூணு வாரமா இருந்தது போயிடுச்சுங்க. ஆனா ரொம்பப் பயந்துட்டேங்க."

"பயந்ததுக்குக் கேஸ் கிடையாது. காயம் எங்கே?"

காயம் இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து கழுத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "உனக்குப் புகார் உண்டா இல்லையா? அதைச் சொல்லு. இவரைப் பார்க்காதே, என்னைப் பாரு" என்றார்.

ஆரோக்கியநாதன் வாயைத் திறந்தார். உண்டு என்றால் குணமாக்கினவன் மேல் புகார் சொன்ன பாவம். இல்லை என்றால் தனக்காக இவ்வளவு தூரம் வந்து நிற்கிற மனுஷனை ஊர் முன்னால் முட்டாளாக்கியது போல. இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தையைத் தேடினார். கிடைக்கவில்லை.

"தெரியலீங்க" என்றார்.

"போயிட்டுத் தெரிஞ்சதும் வா" என்று சப்-இன்ஸ்பெக்டர் அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் கோதண்டராமன் அவரிடம் பேசவில்லை. கோபம் இல்லை, மனசு விட்டுப்போன மாதிரி தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு நடந்தார். அருளம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்லா ஆச்சுன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே?" என்றாள். பெரியதம்பி, "கழுத்தைத் திருகினான்னு சொல்லியிருக்கணும்ப்பா" என்றான். இரண்டு பேர் சொன்னதும் ஆரோக்கியநாதனுக்குச் சரியாகவே பட்டது.

மறுவாரமே மண்டிக்குப் போய் மூட்டை தூக்க ஆரம்பித்தார். மாசி, பங்குனி முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. வேலையின் நடுவில் சும்மா நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொள்வார். வல்லத்து அம்மாக்கண்ணு சந்தையில் பார்த்து, "நான் வழிச்சது லேட்டா வேலை செஞ்சிருக்குது பாத்தியா" என்றாள். கம்பவுண்டர், சிவப்பு மருந்துக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும் என்றார். அருளம்மாள் மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தாளாம். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். ஆரோக்கியநாதன் எதையும் மறுக்கவில்லை. அவருக்கு அந்தச் சிப்பாயும் வேண்டும், மாதாவும் வேண்டும், அம்மாக்கண்ணுவும் எதற்கும் இருக்கட்டும்.

ஆடி மாதம் வலி திரும்ப வந்தது. அதே இடம், அதே கம்பி. இந்தத் தடவை கூடவே இடது கை சுண்டு விரல் வரைக்கும் ஒரு குறுகுறுப்பு. அவருக்கு வேறு யாரிடமும் போகத் தோன்றவில்லை. அந்தத் திருகல்தான் வேண்டும். மதராஸுக்குப் போய்த் தேடலாமா என்றுகூட அருளம்மாளிடம் கேட்டார். பேர் தெரியாத ஒரு சிப்பாயை எங்கே போய்த் தேடுவது என்று அவள் கேட்டாள். கடைசியில் மண்டிக்குப் பின்னால் பெரியதம்பியை நிறுத்தி, "ஒரு கை தாடையில வை. ஒரு கை பின்னால. முதல்ல மெல்ல ஆட்டணும். அப்புறம் ஒரே திருகு. சத்தம் வரணும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

"எந்தப் பக்கம்ப்பா திருகணும்?"

ஆரோக்கியநாதன் யோசித்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் தெரியவில்லை. "இடது பக்கம்னு நினைக்கிறேன்" என்றார்.

பெரியதம்பி திருகினான். சத்தம் வரவில்லை. வலிதான் வந்தது. ஆரோக்கியநாதன் கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார். இடது கை மரக்கட்டை மாதிரி தொங்கியது. பெரியதம்பி பயந்துபோய் அழுதுவிட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே அப்போது புதிதாக வந்திருந்த டாக்டரம்மா முழுசாகக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "கழுத்துக்குள்ளேதான்யா கை காலுக்குப் போற நரம்பெல்லாம் இருக்கு. தெரியாதவன் திருகினா கை கால் விழுந்துடும். உயிரே போயிடும். முதல்ல பண்ணவனுக்காவது தெரியுமா?"

"அவங்க ஊர்ல அதான் தொழிலாங்க" என்றார் ஆரோக்கியநாதன்.

"அப்படின்னா உங்க அதிர்ஷ்டம். இனிமே யாரும் தொடக் கூடாது. தலையில சுமை கூடவே கூடாது."

அட்டையும் பஞ்சும் வைத்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார். கைக்கு உணர்ச்சி திரும்ப ஐப்பசி ஆகிவிட்டது. அதற்குள் மண்டிக்காரர் கைவண்டி ஒன்று வாங்கியிருந்தார். தலைச்சுமை போய், ஆரோக்கியநாதன் கைவண்டி தள்ளுகிறவர் ஆனார். தள்ளுவதற்குக் கழுத்து அவ்வளவாகத் தேவைப்படவில்லை. வலி முழுசாகப் போகவும் இல்லை, முன்பு போல் படுக்கவைக்கவும் இல்லை. மழை நாளில் வரும். வெயிலில் மறந்துபோகும்.

சுதந்திரம் வந்த அன்றைக்குக் கடைத்தெருவில் கொடி ஏற்றினார்கள். கோதண்டராமன்தான் பேசினார். ஊரில் வெள்ளைக்காரன் செய்த கொடுமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், "நம்ம கோட்டை மேலேயே, கூலி வேலை செய்யற ஒரு ஏழையைப் பிடிச்சுக் கழுத்தைத் திருகினானே, அது மறக்குமா?" என்றார். கூட்டம் திரும்பி ஆரோக்கியநாதனைப் பார்த்தது. யாரோ ஒரு மாலையை அவர் கழுத்தில் போட்டார்கள். அவர் கும்பிட்டார். பக்கத்தில் எல்லோரும் கை தட்டியபோது அவரும் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போது, கல்மேல் உட்காரவைத்து எலும்பு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த அந்தக் கையின் சூடு நினைவுக்கு வந்து, தட்டுவதை நிறுத்தினார். நிறுத்தினால் தப்பாக நினைப்பார்களோ என்று மறுபடி தட்டினார்.

அடுத்த வருஷம் மண்டி வாசலில் ஒரு லாரி நின்றது. ஓட்டி வந்தவனை ஆரோக்கியநாதனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவன்தான் கூப்பிட்டான்.

"அண்ணே, கழுத்து எப்படி இருக்குது?"

தோமினிக். பட்டாள வேலை போய், இப்போது தனியாருக்கு மல்லாட்டை லாரி ஓட்டினான். ஆரோக்கியநாதன் கைவண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். இத்தனை வருஷமாகக் கேட்க வேண்டியது எத்தனையோ சேர்ந்திருந்தது. கடைசியில் ஒன்றுதான் வெளியே வந்தது.

"அந்தப் பையன் அன்னிக்கு என்னைப் பாத்து இன்னா கேட்டான்?"

"நான் கீழ இல்ல இருந்தேன் அண்ணே? திரும்பிப் போகும்போது வழியெல்லாம் உன்னைப் பத்தியேதான் பேசிக்கினு வந்தான். ரொம்ப பயந்துட்டான்."

"அவன் எதுக்குப் பயப்படணும்? அவன் தொழில்தானே?"

"அவன் தொழில் இல்ல அண்ணே. அவங்க நைனா தொழிலு. அவரு கடை வெச்சு வைத்தியம் பாக்குறாராம். இவன் ஊர்ல டிராக்டர் ரிப்பேர் பண்றவன். நைனா செய்யிறதை நின்னு பாத்திருக்கான், அவ்வளவுதான். அதுக்கு முன்னால யாருக்கும் பண்ணதில்லையாம். நீ கத்துனதும் செத்துட்டியோன்னு நினைச்சானாம். இனிமே ஜென்மத்துக்கும் யார் கழுத்தையும் தொட மாட்டேன்னான்."

ஆரோக்கியநாதன் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். பெரியதம்பி திருகியபோது கை தொங்கியது கண்முன் வந்தது. அதே மாதிரிதான் அவனும் திருகியிருக்கிறான், தெரியாமல். இத்தனை நாள் கழித்து இப்போது உடம்பு வேர்த்தது.

"அப்போ எனக்கு வலி எப்படிப் போச்சு?"

"அது எனக்கு எப்படித் தெரியும் அண்ணே" என்றான் தோமினிக். அவனுக்கு லாரி நிறைந்துவிட்டது. கிளம்பினான்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் அருளம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே குழம்பு ஊற்றினாள். டாக்டர் இல்லையாம், டிராக்டர்காரனாம் என்று இரண்டு தடவை சொன்னார். அவள் முதலில் நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டாள். பிறகு அந்தச் சிப்பாயைத் திட்டினாள். பிறகு, "பாவம், சின்னப் பையன், யார் பெத்த புள்ளையோ, உனக்கு வலிக்குதேன்னுதானே பண்ணான்" என்றாள். எது அவளுடைய முடிவு என்று ஆரோக்கியநாதன் பார்த்துக்கொண்டிருந்தார். அவளிடமும் முடிவு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

"நல்லவனா கெட்டவனா, ஒண்ணு சொல்லேன்" என்றார்.

"சோறு ஆறுது. சாப்புடு" என்றாள் அவள். அன்றைக்குச் சாயங்காலம் மண்டியில் இரண்டு வண்டி மல்லாட்டை வருவதாக இருந்தது. அவர் தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.